ரோமானிய வெள்ளிக் காசின் படங்கள்: அந்தக் காலத்தில் யாராவது அவற்றைப் பார்த்தார்களா?

வெள்ளிவீதி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. ரோமானியக் காசு என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவு வருவது பேரரசர் தலைகள்தான். அகஸ்டஸ், திபேரியஸ், நீரோ என்று சொல்லி முடித்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. அதற்கு முந்தைய குடியரசுக் காலத்து தெனாரியஸ் என்ற வெள்ளிக் காசுகளைப் பற்றித் தமிழில் யாரும் அதிகம் எழுதிப் பார்த்ததில்லை. படத்துக்காகவே எடுத்துப் பார்க்க வேண்டிய காசுகள் என்றால் என்னைப் பொறுத்தவரை அவைதான்.

தெனாரியஸ் வந்தது கி.மு. 211 வாக்கில், ஹன்னிபாலோடு போர் நடந்துகொண்டிருந்தபோது. முன்பக்கம் தலைக்கவசம் அணிந்த ரோமா தேவி. பத்து வெண்கலக் காசுக்குச் சமம் என்பதற்காக அவள் தலைக்குப் பின்னால் ஓர் எக்ஸ் குறி. பின்பக்கம் காஸ்டர், போலக்ஸ் இரட்டையர் குதிரைமேல் பாய்ந்து வருவார்கள், ஆளுக்கொரு நட்சத்திரம் தலைக்கு மேலே. இரண்டு தலைமுறைக்கு ஏறத்தாழ இதே படம்தான். இடையிடையே குதிரைக்குப் பதிலாக நிலாத்தேவி லூனாவின் தேர், வெற்றித்தேவியின் தேர். பிறகு கி.மு. 130களில் படங்கள் மடை திறந்துகொள்கின்றன.

எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். கி.மு. 82இல் காயஸ் மமீலியஸ் லிமெடானஸ் அடித்த காசு. ஓரம் முழுக்க ரம்பப்பல் மாதிரி வெட்டியிருக்கும். முன்பக்கம் இறக்கை வைத்த தொப்பியோடு மெர்குரி. பின்பக்கம் மாலுமித் தொப்பியும் கைத்தடியுமாகக் கிரேக்கக் காவிய நாயகன் யுலிஸஸ், இருபது வருடம் கழித்து வீடு திரும்புகிறான். எதிரே அவனுடைய நாய் ஆர்கோஸ் தலையை நிமிர்த்தி நிற்கிறது. யுலிஸஸ் அதை நோக்கிக் கையை நீட்டுகிறான். மமீலியஸ் குடும்பம் தங்களை யுலிஸஸ் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டது.

ஹோமரின் ஒடிசி காவியத்தில் இப்படி நடக்காது. அங்கே நாய் சாணக்குவியலில் கிடக்கிறது, எழுந்து வரத் தெம்பில்லை, வாலை மட்டும் ஆட்டுகிறது. வேடத்தில் வந்திருப்பதால் இவனும் கிட்டே போக முடியவில்லை. கண்ணீரை மறைத்துத் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறான். நாய் செத்துப்போகிறது. ஹோமர் தராத அந்தத் தொடுகையைக் காசு செதுக்கியவன் தந்திருக்கிறான். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய இடத்தில்!

என் கேள்வி இதுதான். இவ்வளவு சிரத்தையாகச் செதுக்கிய படங்களை, கையில் வாங்கிய மனிதர்கள் பார்த்தார்களா? பார்த்தார்கள் என்பது என் கட்சி. உங்கள் கருத்தையும், உங்களுக்குப் பிடித்த காசையும் எழுதுங்கள்.

செங்கோடன்

அருமையான தொடக்கம். ஆனால் நான் எதிர்க்கட்சி.

தெனாரியஸ் குறுக்களவு 18, 20 மில்லிமீட்டர். எடை 4 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. பத்து வருடம் கைமாறினாலே நாயின் முகமெல்லாம் மழுங்கிவிடும். வாங்குபவன் பார்ப்பது வெள்ளி நல்லதா, எடை சரியா என்று மட்டும்தான். பழைய காசுகளில் காசு மாற்றுவோர் குத்திய பிறை, புள்ளி, கோடு மாதிரி சின்ன முத்திரைகள் ஏராளம். ரோமாவின் கன்னத்தில்கூடக் குத்தியிருக்கிறார்கள். உள்ளே செம்பு, மேலே வெள்ளித்தகடு போர்த்திய கள்ளக் காசும் நிறையப் புழங்கியதால், வெட்டிப் பார்த்த தழும்புகளும் உண்டு. படத்தைப் பார்த்துப் பூரிக்கிறவன் அதன் முகத்தில் உளியை இறக்குவானா?

அமுதா_ஆர்

ஒரு அடிப்படைக் கேள்வி. அரசாங்கப் பணத்தில் ஒரு தனிக் குடும்பம் எப்படித் தன் குலக்கதையைப் போட முடிந்தது? யார் அனுமதி கொடுத்தார்கள்?

வெள்ளிவீதி

அமுதா, ஆண்டுதோறும் மூன்று இளைஞர்களைக் காசு அடிக்கும் பொறுப்பில் அமர்த்துவார்கள். அரசியலில் முதல் படியில் நிற்பவர்கள். பின்னால் குவேஸ்டர், பிரேட்டர், கான்சல் என்று ஏற வேண்டியவர்கள். எத்தனை காசு அடிப்பது என்பதை செனட் தீர்மானிக்கும். படத்தைத் தேர்வதில் இந்த இளைஞர்களுக்கு இடம் இருந்தது.

கி.மு. 139இல் தேர்தலுக்கு ரகசிய ஓட்டு வந்தது. அதற்கு முன்னால் யார் யாருக்குப் போடுகிறான் என்று பெரியவர்கள் பக்கத்தில் நின்று பார்க்கலாம். அதன்பின் அது முடியாது. ஓட்டுப் போடுகிறவன் மனதில் பெயர் பதிய வேண்டும். இந்தச் சட்டத்துக்கும் காசில் குடும்பக் கதைகள் பெருகியதற்கும் தொடர்பு உண்டென்று ஆய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது, காலம் அவ்வளவு நெருக்கமாக இருக்கிறது.

கி.மு. 137: செக்ஸ்டஸ் பொம்பேயஸ் ஃபோஸ்ட்லஸ். ஓநாய் இரட்டைக் குழந்தைகளுக்குப் பால் கொடுக்கிறது, பின்னால் அத்திமரம், மரத்தில் பறவைகள், பக்கத்தில் கோலூன்றி நிற்கும் இடையன் ஃபாஸ்டுலஸ். ரோமுலஸையும் ரேமஸையும் கண்டெடுத்தவன் எங்கள் ஆள் என்று அந்தக் குடும்பம் சொல்லிக்கொள்கிறது. கி.மு. 135: மினூகியஸ் குடும்பத்தவர், பஞ்ச காலத்தில் மலிவு விலைக்குத் தானியம் கொடுத்த முன்னோருக்கு எழுப்பிய தூணைப் போடுகிறார். கி.மு. 113 வாக்கில் நெர்வா என்பவர் ஓட்டுப்போடும் காட்சியையே போட்டுவிட்டார். ஒருவன் சீட்டு வாங்குகிறான், இன்னொருவன் குறுகிய மேடைமேல் நடந்துபோய்ப் பெட்டியில் போடுகிறான். ரோமானியத் தேர்தல் எப்படி நடந்தது என்பதற்கு நம்மிடம் இருக்கும் மிகச் சில படங்களில் அது ஒன்று.

செங்கோடன் சார், உளித்தழும்பு பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் அது காசு மாற்றுவோரின் தொழில். ஓட்டுப் போடுகிறவன் கை வேறு.

ஆற்றுமணல்

நான் கைவேலைப் பக்கம் இருந்து ஒன்று சொல்கிறேன். எனக்கு நகைப்பட்டறைப் பழக்கம் உண்டு, அச்சு வெட்டும் வேலை தெரியும்.

காசடிக்கும் கருவிகளையே படமாகப் போட்ட காசு ஒன்று இருக்கிறது. கி.மு. 46, டைட்டஸ் கரீசியஸ். முன்பக்கம் ஜூனோ மொனேட்டா தேவி. ரோமின் கேபிடல் குன்றில் அவள் கோயிலை ஒட்டித்தான் அக்கசாலை, அதாவது காசடிக்கும் பட்டறை, இருந்தது. பின்பக்கம் பட்டடைக்கல், இடுக்கி, சுத்தி. பட்டடைக்கு மேலே ஒரு குல்லாய் வடிவம். அது மேலச்சு என்று சிலரும், கொல்லர் தெய்வம் வல்கனின் தொப்பி என்று சிலரும் சொல்கிறார்கள். எனக்கு மேலச்சாகத்தான் தெரிகிறது, அந்த இடத்தில் வேறு எதை வைப்பான்?

வேலை இப்படித்தான்: கீழச்சு பட்டடையில் பதிந்திருக்கும், சூடான வெள்ளி வில்லையை இடுக்கியால் அதன்மேல் வைப்பார்கள், மேலச்சைப் பிடித்துச் சுத்தியால் ஓர் அடி. அடித்த காசு மேலச்சிலேயே ஒட்டிக்கொண்டு, கவனிக்காமல் அடுத்த வில்லையை வைத்து அடித்தால், புதுக் காசின் ஒரு பக்கம் அதே தலை குழிவாக, திரும்பி விழும். அப்படிப்பட்ட காசுகள் நிறையக் கிடைக்கின்றன. வேகமான வேலை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

அந்த வேகத்திலும் எவ்வளவு கணக்கு பாருங்கள். கி.மு. 79இல் பாப்பியஸ் அடித்த தெனாரியஸில் முன்பக்கம் ஒரு சின்னம், பின்பக்கம் ஒரு சின்னம். கருவிகள், பாத்திரங்கள், விலங்குகள். முன்னும் பின்னும் ஒன்றுக்கொன்று சம்பந்தமுள்ள பொருளாக ஜோடி ஜோடியாக வரும். நூறு ஜோடிக்கு மேல். ஒவ்வொரு அச்சுக்கும் தனி ஜோடி. வெட்டியவர் அன்றாடம் கண்ட சாமான்களைத் தேடித்தேடிப் போட்டிருக்கிறார். இது பார்வைக்காரனுக்காகவா, பட்டறைக் கணக்குக்காகவா என்றால், கணக்குக்காகத்தான். அதற்காக அழகைக் குறைக்கவில்லை.

செங்கோடன்

ஆற்றுமணல் ஐயா, உங்கள் பதிவு என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. செதுக்கியவன் கவனமாகச் செதுக்கினான், ஒத்துக்கொள்கிறேன். போடச் சொன்னவனுக்கு நோக்கம் இருந்தது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பார்த்தவன் யார்? ஒரு சாட்சி காட்டுங்கள். பழைய எழுத்தில் எவனாவது "இந்தக் காசில் இன்ன படம் இருந்தது" என்று சொல்லியிருக்கிறானா?

நீலகண்டன்_திருச்சி

சாட்சிகள் இருக்கிறார்கள், வரிசையாக நிறுத்துகிறேன்.

முதலில் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ். ஜெர்மானியர்களைப் பற்றி எழுதும்போது, அவர்கள் பழகிய பழைய காசைத்தான் நம்புகிறார்கள், ரம்பப்பல் ஓரம் உள்ளதையும் இரட்டைக் குதிரைத் தேர் உள்ளதையும் விரும்புகிறார்கள் என்கிறார். எழுத்து வாசிக்கத் தெரியாத மக்கள் படத்தை வைத்தே நல்ல வெள்ளியைக் கண்டுகொள்கிறார்கள். எடை பார்க்கிறவன் படம் பார்க்க மாட்டான் என்று செங்கோடன் பிரித்தது இங்கே நிற்கவில்லை.

அடுத்து தத்துவஞானி எபிக்டெட்டஸ். இந்தக் காசில் யாருடைய முத்திரை? டிராஜனுடையதா, கொண்டு வா. நீரோவுடையதா, தூக்கி எறி, அது செல்லாது என்று மனித குணத்துக்கு உவமையாகச் சொல்கிறார். கேட்பவர்களுக்குக் காசின் முகம் பழக்கமில்லை என்றால் இந்த உவமையே எடுபடாது.

பேரரசர்களின் வாழ்க்கையை எழுதிய சுவிட்டோனியஸ் சொல்வது இன்னும் கடுமை. திபேரியஸ் காலத்தில் அகஸ்டஸ் உருவம் பதித்த காசையோ மோதிரத்தையோ கழிப்பறைக்கோ விலைமகளிர் வீட்டுக்கோ எடுத்துப் போனால் மரண தண்டனைக் குற்றம் என்ற அளவுக்கு வழக்குகள் போயினவாம்.

நற்செய்தி நூல்களில் இயேசு, வரிகொடுக்கும் காசைக் காட்டச் சொல்லி, இந்தச் சுரூபமும் மேலெழுத்தும் யாருடையது என்று கேட்கிறார். இராயனுடையது, அதாவது சீசருடையது, என்று உடனே பதில் வருகிறது. கூட்டத்தில் ஒருவரும் குனிந்து உற்றுப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

கடைசியாக வரலாற்றாசிரியர் டியோ காசியஸ். சீசரைக் கொன்றவர்களில் ஒருவனான புரூட்டஸ் தன் உருவத்தையும், தொப்பியையும் இரண்டு குத்துவாளையும் போட்டுக் காசடித்தான், தாய்நாட்டை விடுவித்தேன் என்பதைச் சொல்வதற்காக, என்று படத்தையும் பொருளையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். சம்பவம் நடந்து இருநூறு வருடத்துக்கு மேல் கழித்து.

அமுதா_ஆர்

புரூட்டஸ் காசைப் பற்றி விரிவாக எழுதுங்களேன். சீசர் தலை போட்ட காசுக்குப் பதிலடியா அது?

வெள்ளிவீதி

நீலகண்டன் சார், டாசிட்டஸ் வரியை இங்கே கொண்டுவந்ததற்கு நன்றி.

அமுதா, கதை கி.மு. 54இலேயே ஆரம்பிக்கிறது. அப்போது புரூட்டஸ் காசடிக்கும் பொறுப்பில் இருந்த இளைஞன். ஒரு காசில் சுதந்திர தேவியின் தலை. பின்பக்கம் அரசர்களை விரட்டி முதல் கான்சல் ஆன மூதாதை புரூட்டஸ், காவலர்கள் முன்னும் பின்னும் வர நடந்துபோகிறார். ராஜா வேண்டாம் என்பதைத்தான் குலப்பெருமையாக எடுத்துக்காட்டினான்.

பத்து வருடம் கழித்து, கி.மு. 44 தொடக்கத்தில் சீசரின் தலை காசில் வருகிறது. அதுவரை ரோமில் அடித்த காசில் உயிரோடிருக்கும் ரோமானியன் முகம் வந்ததில்லை. செத்த முன்னோர் வரலாம், தெய்வம் வரலாம். இங்கே நிகழ்கால மனிதன், கழுத்துச் சுருக்கமும் ஒட்டிய கன்னமுமாக, மாலை சூடி, "வாழ்நாள் சர்வாதிகாரி" என்ற எழுத்தோடு. பின்பக்கம் தன் குலத்தாய் வீனஸ், கையில் சிறு வெற்றித்தேவி. மார்ச் 15 அன்று கொன்றுவிட்டார்கள்.

அதன்பின் கி.மு. 43, 42இல் படையோடு கிழக்கே நகர்ந்துகொண்டிருந்த புரூட்டஸ் அடித்ததுதான் நீலகண்டன் சொன்ன காசு. இரண்டு குத்துவாள், நடுவில் விடுதலை பெற்ற அடிமை அணியும் தொப்பி, கீழே "மார்ச் ஈட்ஸ்", அதாவது மார்ச் 15, என்பதன் சுருக்கம். இரண்டு வாளின் கைப்பிடியும் வேறு வேறு மாதிரி இருக்கும், கவனித்துப் பாருங்கள். முன்பக்கம் யார் தலை? புரூட்டஸின் தலையேதான். சீசர் திறந்த கதவை அவரைக் கொன்றவனாலும் மூட முடியவில்லை. இந்த ஒரு காசில் குடியரசு முடிந்துபோனது தெரிகிறது என்பேன்.

ரோமை எதிர்த்தவர்களும் இந்தப் படமொழியைக் கையில் எடுத்தார்கள். கி.மு. 91இல் இத்தாலியக் கூட்டாளிகள் கலகம் செய்தபோது தெனாரியஸ் அளவிலேயே தங்கள் காசை அடித்தார்கள். ஒன்றில் இத்தாலியின் காளை ரோமின் ஓநாயைக் கொம்பால் குத்தி மிதிக்கிறது. ஃபோஸ்ட்லஸ் காசில் பால் கொடுத்த அதே ஓநாய். படத்தை யாரும் பார்க்கவில்லை என்றால் இப்படி ஒரு பதில் படம் எதற்கு?

ஆண்டனி கி.மு. 32, 31இல் அடித்த படைக்காசுகளும் இதில் சேரும். முன்பக்கம் போர்க்கப்பல், பின்பக்கம் கழுகுக்கொடி, கீழே படைப்பிரிவின் எண். சம்பளம் வாங்கிய சிப்பாய் தன் பிரிவின் எண்ணைக் காசில் பார்க்கிறான். வெள்ளி குறைவான காசு என்பதால் யாரும் உருக்கவில்லை, இருநூறு வருடத்துக்கு மேல் தேயத் தேயப் புழங்கியது.

செங்கோடன்

சாட்சிகளை ஏற்கிறேன். ஆனால் கவனியுங்கள், அதில் பெரும்பாலானவை முகத்தைப் பற்றியவை. யாருடைய தலை, அவ்வளவுதான். யுலிஸஸின் நாயைப் பார்த்தேன் என்று எந்தச் சாட்சியும் சொல்லவில்லை.

நீலகண்டன்_திருச்சி

பின்பக்கத்துக்கும் சுற்றுவழிச் சாட்சி உண்டு. கி.மு. 56இல் ஃபாஸ்டஸ் சுல்லா தன் அப்பாவின் பெருமையைக் காசில் போட்டான். சுல்லா உயர்ந்த ஆசனத்தில், முன்னால் ஆலிவ் கிளையோடு மண்டியிட்ட பொக்கஸ் மன்னன், பின்னால் அவன் சுல்லாவிடம் பிடித்துக்கொடுத்த நுமிடிய மன்னன் ஜுகுர்தா, கைகள் கட்டப்பட்டு. அப்பா சுல்லா இதே காட்சியை மோதிரத்தில் செதுக்கி எப்போதும் அதையே முத்திரையாகக் குத்தினார், அந்தப் போரின் தலைமைத் தளபதி மரியஸுக்கு அது ஆறாத எரிச்சலாக இருந்தது என்று கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் சொல்கிறார். காசைவிடச் சின்ன மோதிரக்கல் படம் ஒரு பகையை வளர்த்திருக்கிறது. சின்னது, அதனால் கண்ணில் படாது என்ற வாதம் இங்கே அடிபடுகிறது.

படம் சொல்வதெல்லாம் உண்மை என்றும் இல்லை. கி.மு. 58இல் ஸ்காரஸ் என்ற தளபதி போட்ட காசில் நபத்திய அரபு மன்னன் அரேட்டஸ் ஒட்டகத்தின் பக்கத்தில் மண்டியிட்டு ஆலிவ் கிளை நீட்டுகிறான். ஆனால் 300 தாலந்து வெள்ளி வாங்கிக்கொண்டு ஸ்காரஸ் படையைத் திருப்பிக்கொண்டு போனதாக யூத வரலாற்றாசிரியர் ஜொசீஃபஸ் எழுதியிருக்கிறார்.

கொங்குநாட்டான்

எங்கள் பக்கத்துக் காசுகளைப் பற்றியும் பேசலாமே. நம் ஊர்ப் புதையல்களில் வரும் தெனாரியஸில் பெரும்பங்கு இரண்டே வகை. ஒன்று அகஸ்டஸின் காசு, பின்பக்கம் அவர் தத்தெடுத்த பேரன்கள் காயஸும் லூசியஸும். இருவரும் மேலங்கி அணிந்து நேர்முகமாக நிற்பார்கள், நடுவே தரையில் ஊன்றிய இரண்டு கேடயம், ஈட்டிகள், மேலே பூசைக் கரண்டியும் வளைந்த கோலும். கி.மு. 2இல் தொடங்கி லுக்டூனத்தில், இன்றைய லியோனில், அடித்தது. லூசியஸ் கி.பி. 2இல் இறந்தான், காயஸ் கி.பி. 4இல். வாரிசுகள் போய்விட்டார்கள், அவர்கள் படம் போட்ட காசு கொங்கு நாட்டு மண்ணில் குடம் குடமாகக் கிடந்தது. இன்னொன்று திபேரியஸ் காசு, பின்பக்கம் செங்கோலும் கிளையும் ஏந்தி உட்கார்ந்த பெண். உடுமலைப்பேட்டை வட்டம் பூதிநத்தத்தில் ஆயிரத்துக்கு மேல் தெனாரியஸ் கிடைத்தது, அகஸ்டஸ், திபேரியஸ் காசுகள்தான்.

நீரோ கி.பி. 64இல் எடையையும் வெள்ளியின் தரத்தையும் குறைத்தார். ஒரு ரோமானிய ராத்தல் வெள்ளிக்கு 84 காசு என்றிருந்தது 96 ஆயிற்று. அதற்குப் பிந்தைய தெனாரியஸ் நம் புதையல்களில் மிக அருமை. நம் வணிகர்களுக்கு எந்தக் காசு நல்லது என்று தெரிந்திருக்கிறது. இந்த இரண்டு வகைக்கும் உள்ளூரிலேயே போலி அச்சு வெட்டியும் அடித்திருக்கிறார்கள். அதில் லத்தீன் எழுத்து வெறும் கோடும் புள்ளியுமாகப் போயிருக்கும், படம் மட்டும் நிற்கும்.

அத்தோடு கரூரில் கிடைத்த மாக்கோதை வெள்ளிக் காசு. சேர மன்னனின் தலை பக்கவாட்டில், மேலே தமிழ்ப் பிராமியில் பெயர். தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி வெளிக்கொண்டுவந்து எழுதினார். ரோமானியக் காசின் தாக்கம் அதில் உண்டென்பது பரவலான கருத்து. நம் பழைய காசுகளில் யானை, குதிரை, வில்லும் அம்பும், மீன், புலி எல்லாம் உண்டு, மன்னன் முகம் அபூர்வம். செங்கோடன் அண்ணா, காசில் ஒரு முகத்தைப் பார்த்து, எனக்கும் இப்படி வேண்டும் என்று ஒரு சேரன் நினைத்திருக்கிறான். இதற்கு மேல் சாட்சி எங்கே தேடுவது?

யாழ்_நிலா

எங்கட பக்கத்திலயிருந்தும் ஒரு சாட்சி இருக்கு. ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதினது. செங்கடல் வரி குத்தகைக்காரர் அன்னியஸ் பிளோகாமஸின்ர விடுதலை பெற்ற அடிமை ஒருவர் அரேபியாவைச் சுத்திப் போகேக்க காத்து அடிச்சு, பதினைஞ்சாம் நாள் தப்ரபேனில, அதாவது இலங்கையில, ஒரு துறைமுகத்தில வந்து சேர்ந்தார். மன்னர் ஆறு மாசம் விருந்தாளியா வச்சிருந்தார், அவரும் மொழி படிச்சார். அவரிட்ட இருந்த தெனாரியஸ் காசுகளைப் பாத்து மன்னருக்குப் பெரிய வியப்பு. படங்கள் வேற வேற, அதால அடிச்ச ஆக்களும் வேற வேற எண்டு தெரியுது, எண்டாலும் எடை எல்லாம் ஒண்டாயிருக்கே எண்டு. இந்த நேர்மைக்காகவே ரோமுக்குத் தூது அனுப்பினார் எண்டு பிளினி சொல்லுறார்.

கதை எண்டு தள்ளிவிட ஏலாது. அன்னியஸ் பிளோகாமஸின்ர அடிமை லீசாஸ் கி.பி. 6இல பொறிச்ச கல்வெட்டு எகிப்தின்ர கிழக்குப் பாலைவனத்தில இருக்கு.

செங்கோடன்

நிலா, இந்தக் கதை எனக்குப் புதிது. மன்னர் படத்தைப் பார்த்தார், பார்த்துவிட்டு எடை போட்டார். இரண்டும் ஒரே கையில். இதை நான் மனதார ஏற்கிறேன். தெனாரியஸில் முகமும் படமும் கண்ணில் பட்டன, நல்ல காசை அடையாளம் காண அவை உதவின. ஆனால் காட்சியின் உட்கதை, அதாவது இவன் டெலெகோனஸ் வழிவந்த மமீலியஸ் குடும்பம், டெலெகோனஸின் தகப்பன் யுலிஸஸ் என்பதெல்லாம், ரோம் நகரத்துக்குள் சிலருக்கு மட்டும் எட்டியிருக்கும் என்பதில் உறுதியாக இருக்கிறேன். ஸ்பெயினில் சம்பளம் வாங்கிய சிப்பாய்க்கு அது தடியோடு ஒரு மனிதன், எதிரே ஒரு நாய்.

வெள்ளிவீதி

தடியோடு ஒரு மனிதன், அவனை அடையாளம் கண்டுகொண்ட ஒரு நாய். சிப்பாயும் வருடக்கணக்கில் வீட்டைப் பிரிந்தவன்தானே சார். குலக்கதை தெரியாமலே அந்தக் காசு அவனோடு பேசியிருக்கும் என்று நம்புகிறேன்.

பேரரசுக் காலத்திலும் அப்படி மனதைத் தொடும் படங்கள் உண்டு. டொமீஷியனின் மகன் குழந்தையிலேயே இறந்துபோனான். கி.பி. 82, 83 வாக்கில் வந்த காசில் அந்தக் குழந்தை உலக உருண்டைமேல் உட்கார்ந்து, சுற்றியிருக்கும் ஏழு நட்சத்திரங்களை நோக்கி இரண்டு கையையும் விரித்திருக்கிறது. ஹேட்ரியன் தான் பயணம் செய்த நாடுகளை வரிசையாகப் போட்டார். ஹிஸ்பானியா சாய்ந்து உட்கார்ந்திருப்பாள், பக்கத்தில் ஒரு முயல். இந்த இரண்டுக்கும் எந்தக் குலக்கதையும் தேவையில்லை.

அமுதா_ஆர்

எனக்கு இப்போது நேரில் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. சென்னையில் முடியுமா? ஒன்று வாங்குவதென்றால் என்ன கவனிக்க வேண்டும்?

கொங்குநாட்டான்

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் நம் ஊர்ப் புதையல்களில் வந்த ரோமானியக் காசுகள் இருக்கின்றன. முதலில் அங்கே போங்கள் மேடம்.

வாங்குவதில் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசு 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டத்தில் வரும், வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. நிலத்தில் புதையலாகக் கிடைத்தால் 1878ஆம் வருடச் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். "எங்கள் தோட்டத்தில் கிடைத்தது" என்று யாராவது விற்க வந்தால் தொடவே தொடாதீர்கள். அவன் சொல்வது பொய்யென்றால் போலி, உண்மையென்றால் குற்றம்.

ஆற்றுமணல்

போலியைக் காண விளிம்பைப் பாருங்கள். வார்த்து எடுத்த போலியில் சுற்று விளிம்பில் மெல்லிய பொருத்துக்கோடு தெரியும், அல்லது அதை அராவிய தடம் தெரியும். மேற்பரப்பில் ஊசிமுனைக் குமிழ்கள் இருக்கும். அடித்த காசில் வெள்ளி அச்சின் உள்ளே பாய்ந்த ஓட்டம் எழுத்துகளின் அடியில் வெளிநோக்கிக் கோடு கோடாகத் தெரியும். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி போதும். எடையும் பாருங்கள், திபேரியஸ் தெனாரியஸ் 3.7 கிராமை ஒட்டி இருக்கும்.

அமுதா_ஆர்

நன்றி. திபேரியஸ் காசில் உட்கார்ந்திருக்கும் பெண் யார்?

நீலகண்டன்_திருச்சி

சுற்றி இருக்கும் எழுத்து "தலைமைப் பூசகர்" என்ற திபேரியஸின் பட்டத்தைத்தான் சொல்கிறது, அவள் பெயர் இல்லை. கிளையை வைத்துச் சமாதான தேவி பாக்ஸ் என்பாரும் உண்டு, திபேரியஸின் தாய் லிவியா என்பாரும் உண்டு. தாயைத் தேவி வடிவில் காட்டியது என்பது என் கருத்து. எழும்பூரில் பார்க்கும்போது நாற்காலிக் காலைக் கவனியுங்கள். சிலவற்றில் வெறும் கோடு, சிலவற்றில் கடைசல் வேலை. திபேரியஸ் ஆண்ட காலத்துக்குள்ளேயே எது முந்தியது, எது பிந்தியது என்று காசியல்காரர்கள் பிரித்துப் பார்க்க உதவும் அடையாளங்களில் அதுவும் ஒன்று.